தமிழ் படிக்க 14 அங்குல 1920×1200 திரை எப்படி?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பிராசசர், ரேம் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். நாள் முழுக்கப் பார்க்கப்போகிற திரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதனால் திரைக்கு மட்டும் இந்த விமர்சனம். 14 அங்குலம், 1920×1200 (அகலத்தில் 1920, உயரத்தில் 1200 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள்), பளபளப்பு இல்லாத ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி) வகை. இதே வகைத் திரை பல கம்பெனிகளின் மாடல்களில் வருவதால் கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை.

எனக்கு வேலை சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைப்பது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கடைத் திறப்பு விழா அழைப்பு எல்லாம் டைப் செய்து புரூஃபும் நானே பார்க்க வேண்டும். தமிழில் புரூஃப் பார்ப்பது திரைக்குப் பெரிய சோதனை. கெ, கே இரண்டுக்கும் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதுதான் வித்தியாசம், லி-க்கும் லீ-க்கும் மேலே ஒரு சின்னச் சுழி, அப்புறம் புள்ளி. மங்கலான திரையில் முதலில் காணாமல் போவது இவைதான். ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்குப் போதுமான திரை நமக்குப் போதாமல் போகும்.

பழைய 15.6 அங்குல 1366×768 திரையில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல்தான். இந்தத் திரையில் சுமார் 162. வேர்டில் 100 சதவீதத்தில் வைத்த 11 பாயின்ட் எழுத்தைப் பாருங்கள். அந்தப் பழைய திரையில் அதன் உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 15 பிக்சல். இங்கே விண்டோஸ் ஸ்கேலிங்கை (எழுத்து, ஐகான் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 150 சதவீதம் வைத்தால் 22 பிக்சல். கண்ணுக்கு எழுத்தின் அளவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஞ, ணை மாதிரி எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. திரையில் கொள்ளும் விஷயமும் பெரிதாகக் குறையவில்லை, 150 சதவீதத்தில் இது 1280×800 மாதிரி நடந்துகொள்ளும்.

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனை, அதாவது 1920×1200 என்ற பிக்சல் கணக்கை, குறைத்துவிடுகிறார்கள், கடைக்காரர்களே கூட வயதானவர்களுக்கு அப்படி வைத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திரையில் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கை மாறாது, குறைந்த ரெசல்யூஷன் படத்தை அதன்மேல் இழுத்துப் பரப்பும்போது எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். ரெசல்யூஷன் எப்போதும் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று காட்டுவதிலேயே இருக்கட்டும், எழுத்தின் அளவை ஸ்கேலிங்கில் மாற்றுங்கள். விண்டோஸ் 11-ல் அது டிஸ்ப்ளே பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தை மட்டும் பெரிதாக்க அக்சஸிபிலிட்டியில் தனியாக ஒரு வசதி உண்டு, 225 சதவீதம் வரை போகும். நான் டைப் செய்யும்போது 125, புரூஃப் பார்க்கும்போது 150. அம்மா அதே லேப்டாப்பில் செய்தி படிக்கும்போது பிரவுசரில் கன்ட்ரோலோடு பிளஸ் பட்டனை இன்னும் இரண்டு தரம் தட்டிக்கொள்கிறார்.

2880×1800 ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) திரை வாங்கலாமா என்று கேட்பார்கள். அங்குலத்துக்கு 240-க்கும் மேல் பிக்சல், எழுத்து அச்சடித்தது போல இருக்கும், மறுக்கவே முடியாது. ஆனால் விலை கூடும், அத்தனை பிக்சலுக்குப் பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அந்தத் திரைகள் பெரும்பாலும் பளபளப்பானவை. எங்கள் தெரு வீடுகளில் ஒரே ஜன்னல், மத்தியான வெயில் நேராக உள்ளே வரும். பளபளப்புத் திரையில் என் முகமும் ஜன்னல் கம்பியும்தான் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில ஓஎல்இடி திரைகளின் மினுக்கல் சிலருக்குத் தலைவலி கொடுப்பதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே 2240×1400 கிடைத்தால், விலை கட்டுப்படியானால், யோசிக்காமல் எடுக்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த வகையில் விலை குறைந்த திரைகளில் நிறம் வெளுத்துத் தெரியும், பத்திரிகையின் குங்குமச் சிவப்பைத் திரையை நம்பி முடிவு செய்ய முடியாது. பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள் ஸ்கேலிங்கைப் புரிந்துகொள்ளாததால் மங்கலாகத்தான் திறக்கும். அதன் ஐகானில் பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டிக்குள் ஹை டிபிஐ அமைப்பை மாற்றினால் கூர்மை வரும், ஆனால் மெனு சின்னதாகிவிடும்.

வாங்கும் முன் நேரில் பாருங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். கடையில் ஓடும் கலர் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தில் நின்று படியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் படிக்கும் கண்ணாடியோடு போங்கள். வெளிச்சம் எத்தனை நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்றும் கேளுங்கள். ஜன்னல் பக்கம் உட்காருகிறவர் 300-க்குக் கீழே எடுக்க வேண்டாம்.