டீம் லீட் ஆனதும் எதில் சேருவது: பிஎம்பியா, ஸ்க்ரமா, டோஸ்ட்மாஸ்டர்ஸா?

கோடு எழுதிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து இந்த ஏழு பேரும் உங்க டீம்" என்பார்கள். அவ்வளவுதான் பயிற்சி. அன்று ராத்திரியே எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்று தேட ஆரம்பிப்போம். நானும் தேடினேன்.

பிஎம்பி என்பது புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ். அதில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான்காண்டுப் பட்டம் இருந்தாலும் 36 மாதம் புராஜெக்ட்டை நடத்திய அனுபவம் வேண்டும், கூடவே 35 மணி நேர வகுப்பு. டீமை நடத்தக் கற்றுக்கொள்ளலாம் என்று போனால், மூன்று வருஷம் நடத்திவிட்டு வா என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்ததை உரசிப் பார்க்கும் தேர்வு அது. 2021-ல் வந்த பாடத்திட்டத்தில் 42 சதவீதம் ஆட்களைக் கையாள்வது பற்றியதுதான். ஆனால் டீமில் இருவருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குச் சரியான விடையைத் தொடுவது சுலபம். அந்த இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாருங்கள்.

ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து டீமாக முடிக்கும் முறை; அதை டீமில் நடத்திவைப்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். அவருக்கான சான்றிதழ்கள்தான் சிஎஸ்எம், பிஎஸ்எம். இங்கே வாசல் அகலம். சிஎஸ்எம் என்றால் வகுப்பில் உட்கார்ந்தே ஆகவேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பிஎஸ்எம் ஒன்றாம் நிலைக்கு இரண்டும் தேவையில்லை: 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. என் ஓட்டு பிஎஸ்எம்முக்கு. ஸ்க்ரம் கையேடு இலவசம், ஒரே மாலையில் படித்துவிடலாம். அதன்படி தினசரி 15 நிமிடக் கூட்டம், வேலை செய்பவர்கள் தங்களுக்குள் திட்டம் போட்டுக்கொள்ள. நம் ஆபீஸ்களில் அப்ரைசல் போடுபவரே ஸ்க்ரம் மாஸ்டர் என்பதால், எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள்.

நானும் அந்த வகைதான். ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒரு பையனிடம், "ஏன்ப்பா இன்னும் முடியல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் வாயில் "ஆன் டிராக்" தவிர வேறு சொல் வரவில்லை. டெலிவரிக்கு இரண்டு நாள் முன்புதான் தெரிந்தது, பாதி வேலை தொடங்கவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு உதவியது டோஸ்ட்மாஸ்டர்ஸ். 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய பேச்சுப் பயிற்சி மன்றம். பலரும் மேடைக் கூச்சம் போக்கத்தான் போகிறார்கள். நான் சொல்லவருவது மதிப்பீட்டாளர் வேடத்தை. அப்பா வயதுள்ள ஒருவர் மாடித்தோட்டம் பற்றிப் பேசி முடித்தார். அவர் பேச்சில் எதைத் திருத்தலாம் என்று அவரெதிரிலேயே நான் சொல்லவேண்டும். எனக்கு நேரம் காட்ட, இரண்டரை நிமிடத்தில் மஞ்சள் அட்டை, மூன்றில் சிவப்பு. "நீங்க வேகமா பேசறீங்க" என்று வாய்வரை வந்தது. "உரம் பத்தின பகுதியில எனக்குப் பின்தொடர முடியல" என்று மாற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. அங்கே வருபவர் திருத்தம் கேட்டே வருகிறார்; டீமில் யாரும் கேட்பதில்லை. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கும் எச்ஆர்கூட டோஸ்ட்மாஸ்டர்ஸைக் கண்டுகொள்வதில்லை. வேலை மாறப்போகிறவருக்கு பிஎம்பிதான் பேசும்.

புது லீடுக்கு என் வரிசை: முதல் வருஷம் டோஸ்ட்மாஸ்டர்ஸ், இடையில் ஒரு மாதம் ஒதுக்கி பிஎஸ்எம். பிஎம்பி கேட்கும் 36 மாதம் எனக்கு நிறைய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அந்தப் பையனோடு இப்போதெல்லாம் புதன்கிழமை டீக்கடையில்தான் ஸ்டேட்டஸ்.