ஆர்டிஎஸ், சிட்ரிக்ஸ், ஏவிடி: ஷிப்மென்ட் ராத்திரியில் எது கைகொடுக்கும்?

"ஏனுங்ணா, நமக்கு ஆர்டிஎஸ்ஸே போதுமுங்களா, இல்ல சிட்ரிக்ஸ் போட்டுக்கலாமுங்களா?"

திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு எப்போது போனாலும் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ் மேனேஜராக இருப்பார். தலைமை ஆபீஸ் திருப்பூரில், தையல் யூனிட் பல்லடத்தில், செக்கிங்கும் பேக்கிங்கும் அவினாசியில், குடோன் பெருந்துறையில். டேலியும் ஈஆர்பியும் திருப்பூர் சர்வரில் ஓடும். மற்ற ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் பொட்டியில் திறந்து வேலை பார்க்க வேண்டும். தேவை அவ்வளவுதான். அதற்கு மூன்று வழி: மைக்ரோசாஃப்டின் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்), அதே வேலையைச் செய்யும் இன்னொரு கம்பெனியின் சிட்ரிக்ஸ், மைக்ரோசாஃப்டின் கிளவுடில் ஓடும் ஏவிடி.

விற்க வருகிறவர் கொண்டுவரும் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் ராத்திரி 8 மணிக்குத் திரை நின்றுபோனால் எத்தனை இடத்தில் தேட வேண்டும்? தேடப்போகிற ஆள் யார்?

ஆர்டிஎஸ்ஸும் சிட்ரிக்ஸும் பங்காளிகள் மாதிரி. ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த எட் யாகொபுச்சி 1989-ல் சிட்ரிக்ஸைத் தொடங்கினார். விண்டோஸ் என்டி 3.51-ஐ எடுத்து, ஒரே மெஷினில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி மாற்றி, 1995-ல் வின்ஃப்ரேம் என்று வெளியிட்டார்கள். அந்தத் தொழில்நுட்பத்தின் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கித்தான் 1998-ல் என்டி 4.0 டெர்மினல் சர்வர் எடிஷனைக் கொண்டுவந்தது. இன்றும் விண்டோஸ் சர்வரில் சிட்ரிக்ஸ் போட்டால், அடியில் ஓடுவது மைக்ரோசாஃப்டின் அதே செஷன்தான் (ஒவ்வொரு யூசருக்கும் சர்வரில் திறக்கும் தனி வேலைத்திரை). அதனால் சிட்ரிக்ஸ் லைசென்ஸுக்கு மேல் ஆர்டிஎஸ் கால் (CAL) லைசென்ஸும், அதாவது சர்வருக்குள் வரும் யூசர் கணக்கிலோ டிவைஸ் கணக்கிலோ வாங்கும் உரிமமும், தனியாக வாங்கியாக வேண்டும். "சிட்ரிக்ஸ் வாங்கிட்டா அது வேண்டாமுங்க" என்று யாராவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸிலிருந்தே தொடங்கலாம். ஆர்டிஎஸ்ஸில் நான் பார்த்த நிறுத்தங்களில் பாதி இதனால் வந்தவை. செஷன் ஹோஸ்ட் (செஷன்கள் ஓடும் சர்வர்) போட்ட நாளிலிருந்து 120 நாள் லைசென்ஸ் சர்வர் இல்லாமலேயே ஓடும். ஒரு கம்பெனியில் சித்திரை பிறந்த வாரம் நான் போட்ட சர்வர், ஆடி கடைசியில் ஒரு காலை யாரையும் உள்ளே விடவில்லை. லைசென்ஸ் வாங்கியிருந்தோம், ஆக்டிவேட்டும் செய்திருந்தோம். ஆனால் எந்த லைசென்ஸ் சர்வரைக் கேட்க வேண்டும், யூசர் கணக்கா டிவைஸ் கணக்கா என்பதைச் செஷன் ஹோஸ்டில் சொல்ல மறந்திருந்தேன். தப்பு என்னுடையது. அட்மின் ஸ்விட்ச் போட்டு ஆர்டிபியில் (ஆர்டிஎஸ்ஸோடு இணையும் முறை) உள்ளே போய், குரூப் பாலிசியில் (விண்டோஸுக்கு விதி போடும் இடம்) இரண்டு வரி மாற்றியதும் சரியானது.

இன்னொரு பொறியும் உண்டு. நம் ஊரில் டொமைன் (எல்லா யூசரையும் மெஷினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) போடாமல், வெறும் ஒர்க்குரூப்பில் சர்வர் ஓட்டும் சின்ன கம்பெனிகள் நிறைய. விண்டோஸ் சர்வர் 2019 முதல், ஒர்க்குரூப்பில் யூசர் கணக்கு லைசென்ஸை வைத்தால் 60 நிமிஷத்தில் செஷன் அறுந்துவிடும் என்று பெட்டி வரும், சொன்னபடியே அறுக்கும். அங்கே டிவைஸ் கணக்குதான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு இதைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் பலர்.

அடுத்து, லாகின் இழுப்பது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாக உள்ளே வரும்போது, ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இங்கேதான் சிட்ரிக்ஸ் தன் விலையைச் சம்பாதிக்கிறது. அதன் டைரக்டர் திரையில் அந்த யூசரின் பெயரைத் தட்டினால், லாகின் நேரத்தைத் துண்டு துண்டாகக் காட்டும்: ப்ரோக்கரிங்குக்கு (எந்த மெஷினுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய) எத்தனை நொடி, பாஸ்வேர்டு சரிபார்க்க எத்தனை, குரூப் பாலிசிக்கு எத்தனை, ப்ரொஃபைல் (யூசரின் சொந்த டெஸ்க்டாப், செட்டிங்குகள்) ஏற எத்தனை. எங்கே இழுக்கிறது என்று கேள்வி கேட்டவர் போனை வைப்பதற்குள் சொல்லிவிடலாம்.

ஆர்டிஎஸ்ஸில் அப்படி ஒரு திரை கிடையாது. ஈவன்ட் வியூவரில் லோக்கல் செஷன் மேனேஜர் பதிவைத் திறந்து, 21 என்றால் உள்ளே வந்தது, 24 என்றால் துண்டித்தது, 25 என்றால் மறுபடி ஒட்டியது என்று நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். 1511 தென்பட்டால் ப்ரொஃபைல் கிடைக்காமல் தற்காலிக ப்ரொஃபைலில் உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த பேக்கிங் லிஸ்ட் எல்லாம் காணோம் என்று அவர் கத்துவதும் அதனால்தான். ஒரு இடத்தில் எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. கடைசியில் பார்த்தால், இரண்டு வருஷம் முன்பு எடைக்குப் போட்ட பிரிண்டர் ஒன்றை லாகின் பாலிசி இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

சரி, அப்படியானால் சிட்ரிக்ஸ்தானா? அவசரப்பட வேண்டாம். அந்த டைரக்டர் திரை செஷன் உருவான பிறகுதான் உதவும். செஷனே உருவாகவில்லை என்றால், ஸ்டோர்ஃப்ரன்ட் (யூசர் நுழையும் பக்கம்), டெலிவரி கன்ட்ரோலர் (யாரை எங்கே அனுப்புவது என்று பார்ப்பது), அதன் எஸ்கியூஎல் டேட்டாபேஸ், லைசென்ஸ் சர்வர், விடிஏ (செஷன் ஓடும் மெஷினில் இருக்கும் சிட்ரிக்ஸ் மென்பொருள்), வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நெட்ஸ்கேலர் என்று ஆறு வாசல் தட்ட வேண்டும். டேட்டாபேஸ் படுத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க லோக்கல் ஹோஸ்ட் கேஷ் இருக்கிறது. ஆனால் அந்த ஆறும் தெரிந்த ஆள் கம்பெனியில் வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு மில்லில், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தி, சாயங்காலம் திரும்ப வந்ததும், பாதி விடிஏக்கள் மட்டும் 'அன்ரெஜிஸ்டர்டு' என்று நின்றன. டிஎன்எஸ் பார்த்தோம், ஃபயர்வாலில் 80-ஆம் போர்ட் பார்த்தோம், ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோலர் பெயர் பார்த்தோம். எல்லாம் சரி. அந்தப் பாதி மெஷின்கள் இருந்த ஹோஸ்ட் சர்வரின் சிமோஸ் பேட்டரி செத்திருந்தது. அதிலிருந்து எழுந்த மெஷின்கள் எல்லாம் 20 நிமிஷம் பின்தங்கிய கடிகாரத்தோடு எழுந்திருந்தன. டொமைனில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ், 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவைத் திறக்காது. மூன்று மணி நேரம் போனது ஒரு சின்ன பேட்டரிக்காக. இப்போது அன்ரெஜிஸ்டர்டு என்று போன் வந்தால், "முதல்ல மணி என்ன காட்டுதுங்க?" என்றுதான் கேட்கிறேன்.

லைன் விட்டுவிட்டு வரும் இடங்களில் கணக்கு மறுபடி மாறுகிறது. பல்லடம் பக்கம் ரோடு தோண்டினால் ஃபைபர் அறுவது நமக்குப் புதுசு இல்லை. முழுதாகப் போய்விட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பத்து இருபது நொடி போய்ப் போய் வருவதுதான் தலைவலி. ஆர்டிபியில் திரை கறுத்து, மறுபடி இணைகிறேன் என்று 20 தடவை வரை எண்ணிக்கொண்டு நிற்கும். தையல் யூனிட் சூப்பர்வைசர் பொறுமை இழந்து ஜன்னலை மூடிவிடுவார். சிட்ரிக்ஸின் இணைப்பு முறையான ஐசிஏ, 2598-ஆம் போர்ட்டில் செஷன் ரிலையபிலிட்டி என்ற வசதியோடு வருகிறது. லைன் போனாலும் கடைசித் திரையை அப்படியே உறைய வைத்துக் காத்திருக்கும், இயல்பாக 180 நொடி வரை. வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரே லைனில் இரண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆர்டிபியும் 2012-க்குப் பிறகு யூடிபியில் (டிசிபியைவிட லைன் தகராறைத் தாங்கும் அனுப்பும் முறை) ஓடப் பழகி நன்றாகத் தேறிவிட்டது. ஆனாலும் பல சின்ன ஆபீஸ்களில் ஃபயர்வாலில் ஆர்டிபியின் போர்ட்டான டிசிபி 3389-ஐ மட்டும் திறந்துவிட்டு, யூடிபியை மறந்து, "ஆர்டிபி ஸ்லோங்க" என்பார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. அந்த 3389-ஐ ரவுட்டரில் நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் அதை அடைத்துவிடுங்கள். போர்ட் நம்பரை 3390 என்று மாற்றி வைப்பது பூட்டு ஆகாது. ஆர்டிஎஸ்ஸுக்கு ஆர்டி கேட்வே (வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான வாசல்) இருக்கிறது, 443-ஆம் போர்ட்டில் வரும். இல்லையென்றால் விபிஎன் போடுங்கள். சிட்ரிக்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். நெட்ஸ்கேலரில் 2023 அக்டோபரில் வெளிவந்த சிட்ரிக்ஸ் ப்ளீட் ஓட்டை, பேட்ச் போட்ட பிறகும் பழைய செஷன்களை எல்லாம் வெட்டினால்தான் அடைபட்டது. வாசல் பெரிதாக இருந்தால் காவலும் பெரிதாக வேண்டும்.

பிரிண்டிங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். பனியன் கம்பெனியில் சர்வர் வேலையில் பாதி பிரிண்டர் வேலைதான். ஆர்டிஎஸ்ஸின் ஈஸி பிரிண்ட், சர்வரில் டிரைவர் ஏற்றாமலே யூசரின் பிரிண்டரைக் காட்டிவிடும். ஏ4 லேசர் பிரிண்டருக்கு அற்புதம். சிட்ரிக்ஸின் யுனிவர்சல் டிரைவரும் அதே வேலையைச் செய்கிறது. டெலிவரி சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸுக்கு வந்தால் கதை கந்தல். எழுத்தாகப் போக வேண்டியது படமாகப் போவதால், ஊசி ஒவ்வொரு கோடாக இழைத்து ஒரு சலானுக்கு ஒரு டீ குடித்துவிடலாம். பார்கோடு ஸ்டிக்கர் இன்னும் மோசம். கோடுகளின் ஓரம் மங்கி, பேக்கிங்கில் ஸ்கேனர் படிக்காது. இதில் ஜெயித்தவர் என்று யாரையும் சொல்ல மாட்டேன். ஸ்டிக்கர் பிரிண்டருக்கு லேன் போர்ட் இருந்தால் விபிஎன் வழியாகச் சர்வரிலிருந்து நேராக 9100-ஆம் போர்ட்டுக்கு அடியுங்கள், செஷன் வழியாகப் போகவே வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் சிட்ரிக்ஸ் முந்துகிறது. மெர்ச்சன்டைசர் காலையில் திருப்பூரிலும் மத்தியானம் அவினாசியிலும் உட்காருவார். அவர் இருக்கும் ஐபியைப் பார்த்து, அந்த இடத்துப் பிரிண்டரைத் தானாகக் கொடுக்க அதில் பாலிசி உண்டு. ஆர்டிஎஸ்ஸில் அவரவர் டீஃபால்ட் பிரிண்டரை மட்டும் கொண்டுவா என்று சொல்லலாம், அதோடு சரி. அந்த ஒன்றைச் செய்தாலே பிரிண்டர் போன்கள் பாதியாகக் குறையும்.

தொங்கிய செஷனை லாக் ஆஃப் செய்வது, யூசரின் திரையைக் கூடவே பார்ப்பது எல்லாம் இரண்டிலும் முடியும். விண்டோஸ் சர்வர் 2012-ல் அப்படிக் கூடப் பார்க்கும் ஷேடோ வசதியை எடுத்துவிட்டு, 2012 ஆர்2-வில் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இடைக்காலத்தில் பட்ட பாட்டை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏவிடி, அதாவது அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப். 2019-ல் விண்டோஸ் வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று வந்து, 2021-ல் பெயர் மாறியது. ப்ரோக்கர், கேட்வே, வெப் எல்லாம் மைக்ரோசாஃப்ட் பார்த்துக்கொள்ளும். செஷன் ஹோஸ்ட் மட்டும் நம்முடையது, சென்னை ரீஜனில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே வர எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை, ஹோஸ்டே வெளியே போய் இணைந்துகொள்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். விண்டோஸ் 11-ஐயே பல பேருக்குப் பங்கிடலாம்.

ராத்திரி 8 மணிக் கேள்வியை இதனிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி. தேட வேண்டிய இடங்கள் குறைவு. ஆனால் மிச்ச இடங்களை நாம் பார்க்கவே முடியாது. கோளாறு அவர்கள் பக்கம் என்றால், சர்வீஸ் ஹெல்த் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இணைப்புப் பிழைகளின் பதிவு வேண்டும் என்றால், டயக்னாஸ்டிக் செட்டிங்கை முன்பே போட்டு லாக் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பியிருக்க வேண்டும். கெட்ட பிறகு போட்டால் பழையது வராது. இன்னொன்று: லைன் போனால் தலைமை ஆபீஸும் சேர்ந்து நிற்கும். சொந்த சர்வர் என்றால் பல்லடம் நின்றாலும் திருப்பூர் ஓடும்.

பில்லிலும் ஒரு சூட்சுமம். சாயங்காலம் விண்டோஸுக்குள் ஷட் டவுன் கொடுத்துவிட்டால் மீட்டர் நிற்காது. அஷூர் பக்கமிருந்து நிறுத்தி, அது 'டீஅலகேட்டட்' என்று காட்டினால்தான் மெஷின் வாடகை நிற்கும். இது தெரியாமல் ஒரு முழு மாதம் ஓட்டியவரை எனக்குத் தெரியும். பில்லைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் பேசிய பேச்சை எழுத முடியாது.

இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஹொரைசன் எங்கே என்று கேட்பீர்கள். நல்ல சரக்குதான். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது, 2024 ஜூலையில் ஹொரைசன் தனியாகப் பிரிந்து ஆம்னிசா என்று ஆனது. ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் ஓட்டட்டும். நம் அளவில் புதிதாக ஒருவருக்கு நான் சொல்வதில்லை.

ஆக, என் வழக்கம் இது. நாற்பது பேர் வரை, லைன் சுமாராக நிற்கிறது, வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் ஆள்தான் இருக்கிறார் என்றால் ஆர்டிஎஸ், டொமைனோடு, கேட்வேயோடு. நூறு பேரைத் தாண்டி, நாலைந்து யூனிட், அதில் இரண்டு இடத்திலாவது லைன் தகராறு, அதோடு முழுநேர சர்வர் ஆள் சம்பளத்தில் இருக்கிறார் என்றால் சிட்ரிக்ஸ். அந்த ஆள் இல்லாமல் சிட்ரிக்ஸ் கேட்டால் நான் போட்டுக் கொடுப்பதில்லை. சர்வர் ரூமே வேண்டாம், இரண்டு வேறு வேறு லைன் வைத்திருக்கிறோம், மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியமோ இ3-யோ ஏற்கெனவே வாங்கியிருக்கிறோம் என்பவர்களுக்கு ஏவிடி. நாற்பதுக்கும் நூறுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, போன வருஷம் எந்தெந்த நாள் எதனால் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்து வரச் சொல்வேன். போன மாதம் கரூரிலிருந்து வந்தவர் கொண்டுவந்த நோட்டில் பதினொரு நிறுத்தம் இருந்தது. அதில் ஒன்பது பிரிண்டர். அவருக்கு மூன்றில் எதையும் போடவில்லை, லேன் போர்ட் இருக்கும் ஸ்டிக்கர் பிரிண்டர் இரண்டு வாங்கச் சொல்லி அனுப்பினேன்.