மாணவர் சேர்க்கைப் பணி: அமெரிக்காவா, பிரிட்டனா?

பல்கலைக்கழக மாணவர் சேர்க்கை நிர்வாகத்தை வெளிநாட்டில் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் பலர் இவ்விரு நாடுகளுக்கிடையே தயங்குகின்றனர்.

பணி, அமெரிக்கா: விண்ணப்பத் தேர்வு, கட்டணச் சலுகை, அனுமதி பெற்றோரில் எத்தனை பேர் மே 1-க்குள் முன்பணம் கட்டுவார்கள் என்னும் கணிப்பு ஆகியவை ஒரே பொறுப்பில் இணைவதால், புள்ளியியல் அறிவுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.
பணி, பிரிட்டன்: இளநிலை விண்ணப்பங்கள் பெரும்பாலும் யூகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பின் வழியே வருகின்றன, ஆகஸ்டில் ஏ லெவல் என்னும் பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும்போது நெருக்கடி உச்சம் பெறும்.

விசா, அமெரிக்கா: பல்கலைக்கழகங்கள் ஆளெடுக்கும்போது எச்-1பி என்னும் பணி விசாவுக்கான குலுக்கல் இல்லை, ஆனால் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் விசாக் கட்டணம், நாட்டுக்கு வெளியிலிருந்து ஆளெடுக்கப் பெருந்தடையாகும்.
விசா, பிரிட்டன்: 2025 ஜூலையில் பணி விசாவுக்கான பொதுக் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 41,700 பவுண்டாக உயர்ந்ததால், தொடக்கநிலைப் பதவிகள் பல அதை எட்டுவதில்லை.

எண்களில் நாட்டமுள்ள இளையோர் அமெரிக்காவிலேயே முதுகலை படித்துவிட்டு நுழைவது நல்லது. சர்வதேச மாணவர் சேர்க்கையில் ஏற்கெனவே அனுபவமுள்ள மூத்தோருக்குப் பிரிட்டனே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.