படத்துக்கு விவரம்: பெட்டிக்குள்ளா, பதிவிலேயா?

மட்டக்களப்பில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு முகநூலில் படம் போடுவது என் வேலை. பெரியப்பாவுக்குக் கண் தெரியாது. போனில் டாக்பேக் குரல்தான் அவருக்கு வாசித்துக் காட்டும். ஒருநாள் நான் படமாகப் போட்ட அறிவித்தலைக் கேட்டுவிட்டு, "மனே, படம் எண்டு மட்டும்தான் சொல்லுது, உள்ளுக்கு என்ன கிடக்கு?" என்றார். அதன்பிறகு படத்துக்கு விவரம் கொடுக்கும் மூன்று வழிகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஒன்றும் எழுதாமல் விட்டால், முகநூல் தானாகவே ஒரு விவரம் போட்டுவிடும். 2016இலிருந்தே இது உண்டு. கல்லடிப் பாலத்தைப் போட்டால் பாலம், தண்ணீர் என்ற அளவில் நிற்கும். 1924இல் கட்டிய பழைய பாலமா, பக்கத்தில் 2013இல் திறந்த புதியதா என்பதெல்லாம் அதில் வராது. சும்மா விடுவதற்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, படத்தைத் திருத்தும் இடத்தில் இருக்கும் மாற்று உரைப் (alt text) பெட்டி. அதில் எழுதுவது திரையில் தெரியாது, டாக்பேக் போன்ற குரல்தான் வாசிக்கும். காட்சிப் படங்களுக்கு இதுதான் சரி. "கல்லடிப் பழைய பாலம், விடியற்காலை. கீழே தோணியில் நின்று ஒருவர் வலை வீசுகிறார், வலை வட்டமாக விரிந்திருக்கிறது" என்று எழுதியிருந்தேன். பெரியப்பா கேட்டுவிட்டு, "மீன் பட்டதா?" என்றார்.

மூன்றாவது, படத்தோடு போகும் பதிவிலேயே எழுதுவது. அறிவித்தல் படம் என்றால் மட்டும் நான் இந்தக் கட்சி. காரணம் ஒன்றுதான்: பெட்டிக்குள் விழுந்த பிழை கண் தெரிந்தவர் கண்ணில் படாது. ஒருமுறை நீர்வெட்டு செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறியது. புதுப் படம் போட்டேன். பெட்டிக்குள் மட்டும் பழைய வரிகளையே ஒட்டிவிட்டேன். ஊரெல்லாம் வியாழன் என்று பார்த்தது, பெரியப்பாவுக்கு மட்டும் செவ்வாய். திங்கள் இரவே குடம், வாளி எல்லாம் நிரப்பி வைத்தார். வியாழன் காலையில் அத்தனையும் காலி. பதிவில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது "தம்பி, திகதி பிழை" என்று கமெண்ட் போட்டிருப்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப். படத்தை இறக்கி அங்கே போடும்போது பெட்டியில் எழுதியது கூடப் போகாது. பதிவில் இருப்பதை கொப்பி பண்ணி ஒட்டலாம்.

பதிவு நீளும் என்பது உண்மைதான், முணுமுணுப்பவர்களும் உண்டு. அதனால் நாள், நேரம், இடத்தை முதல் வரியிலேயே வைக்கிறேன். மு.ப., பி.ப. என்றால் குரல் தடுமாறுகிறது. காலை, மாலை என்றே எழுதுகிறேன். வரிக்கு வரி பூவும் கைகூப்பும் இமோஜியாகப் போடுவதையும் விட்டுவிட்டேன், ஒவ்வொன்றின் பெயரையும் அது வாசித்துக்கொண்டிருக்கும். பெட்டியைக் காலியாக விட்டால் முகநூல் தன் விவரத்தை நுழைத்துவிடும். முழுவதையும் அங்கேயும் எழுதினால் ஒன்றையே இரண்டு தடவை கேட்க வேண்டும். எனவே அதில் "நீர்வெட்டு அறிவித்தல், விவரம் பதிவில்" என்பதோடு சரி.

இதெல்லாம் ஒரேயோர் ஆண்ட்ராய்டு போனையும் ஒரு பெரியப்பாவையும் வைத்துச் சொல்வது. ஐபோனில் பழகியவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன்.