மரத்தை "மருந்தடிக்க" லாரியில் ஏற்றி விடாதீர்கள்

தக்கலை பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்து, அதே மரத்தையும் அதே ஓட்டையும் வைத்து மாற்றிக் கட்டலாம் என்று போன வருடம் முடிவெடுத்தோம். கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டை), உத்திரம் எல்லாம் அயனி. வள்ளம் கட்டுகிற மரம். அறுபது வருஷமாகக் கரையான் வாய் வைக்காத மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் குழாயும் தகர ஷீட்டும் போட மனசு வரவில்லை.

பிரிக்கிற வேலைக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். கூலி 90,000 ரூபாய், பாதி முன்பணம். செங்கலும் இரும்பும் அவருக்கு, மரமும் ஓடும் எங்களுக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு.

வைகாசியில் பிரித்தார்கள். மழை வரப்போகிற நேரம். "சார், மரம் நனைஞ்சா போச்சு. நம்ம யார்டுக்குக் கொண்டுபோய் ஆணி புடுங்கி, மருந்தடிச்சுக் கொண்டு தாரேன்" என்றார். எனக்கு அது உபகாரமாகவே பட்டது. இரண்டு லாரி மரம் போனது. வண்டி ஏற்றிய பையன்களுக்கு நானே சாயா வாங்கிக் கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

முதலில் உறுத்தியது ஓடுதான். எங்கள் கூரை சரிவோடு சேர்த்து 1,600 சதுர அடி. சதுர மீட்டருக்கு 15 ஓடு என்று வைத்தாலே 2,200 வரும். முற்றத்தில் அடுக்கியிருந்தது 1,300. கேட்டால், "இறக்கும்போது உடஞ்சிருச்சு சார், பழைய ஓடுல்லா" என்கிறார். சரி, உடைந்த 900 ஓட்டின் சில்லு எங்கே? ஒரு ஓடு இரண்டு கிலோவுக்குக் குறையாது. கிட்டத்தட்ட இரண்டு டன் சில்லு கிடக்க வேண்டிய இடத்தில் மூன்று சட்டிகூடத் தேறவில்லை. அந்தச் சில்லும் எனக்கு வேண்டியதுதான். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (Laurie Baker) செய்த மாதிரி கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் பதித்தால் சிமென்டும் மிச்சம், சூடும் குறையும். பின்பக்க அறைக்கு அதைத்தான் நினைத்திருந்தேன். இன்னொன்று, எங்கள் ஓட்டின் அடியில் எல்லாம் ஃபரோக் என்று ஊர்ப்பெயர் அச்சாகியிருக்கும். இருந்த 1,300-லும் முந்நூறு போல அச்சே இல்லாத வேறு ஓடு. சுண்டினால் 'டங்' என்று கேட்கவில்லை, 'டப்' என்றது.

மூன்று வாரம் கழித்து மரம் வந்தது. எல்லாவற்றிலும் கறுப்பாக மருந்து பூசி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பழைய ஆசாரி வந்து இரண்டு கழுக்கோலைப் புரட்டிப் பார்த்தார். உளியால் ஒரு ஓரத்தில் சுரண்டினார். உள்ளே வெளுப்பு.

"மக்களே, இது நம்ம வீட்டு மரம் இல்ல கேட்டியா. ரப்பர்."

அப்புறம் அவர் காட்டியதுதான் முக்கியம். பழைய கூரையில் கழுக்கோல்களைக் கோர்த்து ஒரு வளைச் சட்டம் ஓடும். அதற்காக ஒவ்வொரு கழுக்கோலிலும் சதுரமாக ஒரு துளை இருக்கும். வந்த 62-இல் 41-க்குத் துளையே இல்லை. போன் போட்டேன். "துளை உள்ள பாகம் உளுத்துப்போச்சு, வெட்டி எடுத்தாச்சு சார்." வெட்டிய கழுக்கோல் எப்படி அதே ஒன்பதடி நீளம் இருக்கும்? பதில் இல்லை, போன் கட்.

நம்மூரில் ரப்பர் மரத்துக்குப் பஞ்சமா? குலசேகரம் பக்கம் போனால் தோட்டம் தோட்டமாக இருக்கிறது. முறையாகப் பதப்படுத்தினால் நாற்காலி, மேஜைக்கு ஆகும். மேலே சும்மா கறுப்பு பூசி வந்த இந்த மரத்திலிருந்து ஒரு மாதத்தில் மாவு மாதிரித் தூள் கொட்ட ஆரம்பித்தது. இதைக் கூரையில் ஏற்றியிருந்தால்?

ஸ்டேஷனில் முதல் கேள்வியே "எழுத்துல என்ன இருக்கு?" என்பதுதான். ஒன்றும் இல்லை. அக்கா மகனின் பிறந்தநாள் வீடியோவில் பலூனுக்குப் பின்னால் கழுக்கோல் துளைகள் தெரிகின்றன. என்னிடம் இருக்கிற ஆதாரம் அவ்வளவுதான்.

பிரிக்கப் போகிறவர்கள் ஓட்டை இறக்குமுன் எண்ணுங்கள், அடியில் உள்ள அச்சைப் படம் எடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஆசாரியை விட்டு உளியால் நம்பர் வெட்டச் சொல்லுங்கள். பெயின்டில் எழுதினால் மருந்து பூசி மறைத்துவிடுவார்கள். மரம் உங்கள் கண்ணை விட்டுப் போகவே வேண்டாம். பக்கத்து வீட்டுத் தொழுவத்தை வாடகைக்குக் கேளுங்கள், இல்லையென்றால் செங்கல் மேல் அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். மருந்தடிக்கிறவன் உங்கள் முற்றத்துக்கு வந்து அடிக்கட்டும். யார் எதை எடுத்துக்கொள்வது என்று ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மீதிக் கூலி 45,000-ஐ நான் கொடுக்கவில்லை. வாரம் ஒருமுறை அதைக் கேட்டுப் போன் செய்கிறார். "41 கழுக்கோலை இறக்கிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன்.