கீழக்கரை வீட்டில் கொமடோர் 64: தட்டைத் திரையோடு நான்கு ஆண்டுகள்

1987ஆம் ஆண்டு துபாயிலிருந்து விடுமுறையில் கீழக்கரைக்கு வந்த என் மாமா ஒரு கொமடோர் 64 கணினியைக் கொண்டுவந்தார். எங்கள் மாடியில் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சிக்காகக் கடலைப் பார்த்து நின்ற ஆன்டெனாவின் கம்பியைத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, அதே துளையில் கணினியின் கம்பியைச் செருகி, யுஎச்எஃப் 36ஆம் அலைவரிசையைத் தேடிப் பிடித்தால், நீலத் திரையில் வெளிர்நீல எழுத்துகள் தோன்றும். அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி எப்போதோ பழுதாகி வீட்டை விட்டுப் போய்விட்டது. கணினி மட்டும் இன்றும் இயங்குகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதை மீண்டும் எடுத்து, இன்றைய தட்டைத் திரையில் நல்ல படத்தோடு பார்க்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சியில் நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

திரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மின்வழங்கியை மாற்றிவிட வேண்டும். கொமடோர் 64 உடன் வந்த பழைய மின்வழங்கி பழுதாகும்போது, 5 வோல்ட் தர வேண்டிய கம்பியில் அதைவிடக் கூடுதலான மின்னழுத்தத்தைத் தந்து நினைவகச் சில்லுகளை எரித்துவிடக்கூடியது. பழையதைத் தொடாமலே புதியது ஒன்றை வாங்கிப் பொருத்திய பிறகுதான் நான் கணினியை இயக்கினேன்.

ராமநாதபுரம் கடைத்தெருவில் எளிதில் கிடைக்கும், பழைய ஏவி சொருகியில் வரும் படத்தை இன்றைய திரைகளின் எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றித் தரும், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான ஏவி–எச்டிஎம்ஐ மாற்றியைத்தான் முதலில் வாங்கினேன். மஞ்சள் சொருகியைச் செருகியதும் படம் வந்துவிட்டது. ஆனால் எழுத்துகளின் ஓரம் மை ஊறியதுபோல் பரவியிருந்தது. படுக்கைக் கோடுகள் ஓயாமல் நடுங்கின. படம் பக்கவாட்டில் இழுபட்டு அகலத்திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அருகில் அமர்ந்து விளையாடிய என் மகள், “வாப்பா, ஒரு பந்து ஏன் ரெண்டாத் தெரியுது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது.

தொலைக்காட்சி நிலையம் அனுப்பும், நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) முறைப் படம் இரண்டு பாதிகளாக வருவது. ஒரு தடவை ஒற்றைப்படை வரிகளும் மறு தடவை இரட்டைப்படை வரிகளும் வரும். கொமடோர் 64 அப்படி அனுப்புவதில்லை. நொடிக்கு 50 தடவைக்குச் சற்று மேலாக, ஒவ்வொரு தடவையும் அதே 312 வரிகளை அதே இடத்தில் வரைகிறது. மலிவான மாற்றி இதை அறியாமல், அடுத்தடுத்து வரும் இரண்டு முழுப் படங்களை ஒரே படத்தின் இரு பாதிகள் என்று எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. முதல் படத்தில் ஓரிடத்திலும் அடுத்த படத்தில் வேறோரிடத்திலும் இருந்த பந்து இரண்டாகத் தெரிந்தது அதனால்தான். இதோடு முடியவில்லை. நொடிக்கு 50 என்று வரும் படத்தை அது 60 ஆக்கித் திரைக்கு அனுப்புவதால், நொடிக்குப் பத்துப் படங்கள் இருமுறை காட்டப்படுகின்றன. சீராக நகர வேண்டிய காட்சி விக்கி விக்கி நகர்கிறது. படத்தைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புவதால் ஏற்படும் தாமதம் வேறு. ஒரு படத்துக்கு 20 மில்லிநொடி என்று கணக்கிட்டால், மூன்று படங்கள் தேங்கினாலே ஜாய்ஸ்டிக்கை அசைத்த கைக்கும் பார்க்கும் கண்ணுக்கும் இடையில் இடைவெளி தெரிந்துவிடும்.

எழுத்து ஊறிய குறைக்குக் காரணம் வேறு. மஞ்சள் சொருகியின் ஒரே கம்பியில் ஒளிர்வும் நிறமும் கலந்து போகின்றன, 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏற்றப்பட்ட நிறத்தைத் திரும்பப் பிரித்தெடுக்கும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கறைபடிகின்றன. நல்வாய்ப்பாக, கொமடோர் 64இன் எட்டு முனைச் சொருகி இரண்டையும் தனித்தனியாகவே தருகிறது. முதல் முனையில் ஒளிர்வு, இரண்டாவதில் தரை (கிரவுண்ட்), மூன்றாவதில் ஒலி, ஆறாவதில் நிறம். மிகப் பழைய ஐந்து முனைக் கணினிகளில் நிறம் தனியாக வராது; வைத்திருப்பவர்கள் முனைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாவது முனையிலிருந்து வரும் நிறம், ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் கொண்டுசெல்லும் எஸ்-வீடியோ இணைப்பு எதிர்பார்க்கும் அளவைவிட வலுவானது என்பதால், அந்தக் கம்பியில் 330 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் பற்றவைத்தேன். அதற்கு முன் சிவப்பு கண்ணைக் குத்தியது. பின்னர் செங்கல்லின் நிறத்துக்கு அடங்கியது. ஒலியைத் தனிக் கம்பியில் பிரித்து ஒரு சிறிய ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து ரெட்ரோடிங்க் 2எக்ஸ் என்ற வரி இரட்டிப்பியை வரவழைத்தேன். இதைவிடப் பேர்பெற்ற ஓஎஸ்எஸ்சி என்ற கருவியும் உண்டு. ஆனால் அது நிறங்களைத் தனித்தனிக் கம்பிகளில் கொண்டுவரும் ஆர்ஜிபி, காம்பொனென்ட் போன்ற இணைப்புகளைத்தான் ஏற்கும், எஸ்-வீடியோவை நேரடியாக ஏற்காது என்பதால் என் கணினிக்குப் பொருந்தவில்லை. பழைய கணினியின் வரிகள் நொடிக்குச் சுமார் 15,600 என்ற வேகத்தில் வருகின்றன. கணினித் திரைகள் பெரும்பாலும் சுமார் 30,000க்குக் குறைவான எதையும் ஏற்பதில்லை. இந்தக் கருவி ஒவ்வொரு வரியையும் வந்த கையோடு இருமுறை எழுதி அனுப்புகிறது; முழுப் படம் சேரும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே தாமதமும் இல்லை, பின்னலும் இல்லை. பந்து ஒன்றானது.

ஆனால் நொடிக்கு 50 படம் என்ற வேகத்தை அது மாற்றுவதில்லை. அதைத்தான் நான் விரும்பினேன் என்றாலும், திரையைத் தேர்வதில் பெரும்பாடு பட்டேன். அலுவலகத்திலிருந்து கழிக்கப்பட்ட ஒரு 19 அங்குல மானிட்டர் கறுப்பாகவே நின்றது. அதன் விவரக்குறிப்பில் செங்குத்து அலைவெண், அதாவது நொடிக்கு ஏற்கும் படங்களின் எண்ணிக்கை, 56 முதல் 75 வரை என்று இருந்தது. அடுத்து நண்பர் ஒருவரின் மானிட்டரில் 48 முதல் 75 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு இணைத்தேன், உடனே படம் வந்தது. மானிட்டர் வாங்கும்போது அங்குலத்தையும் புள்ளிகளையும் கேட்கிறோம். பழைய கணினிக்கு வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். நம் நாட்டில் விற்கும் தொலைக்காட்சிகள் பால் முறைக்குப் பழகியவை என்பதால் பொதுவாக 50ஐ மறுப்பதில்லை. அவற்றில் கேம் மோடை இயக்கிவிட்டு, படத்தின் விகிதத்தை 4:3 என்று வைத்துக்கொண்டால் போதும்.

இத்தனையும் ஆறு மாதத்துக்குள் முடிந்தன. மீதமுள்ள மூன்றரை ஆண்டுகளில் எனக்குத் தொல்லை கொடுத்தவை கருவிகள் அல்ல, சொருகிகள். எங்கள் ஊர் மன்னார் வளைகுடாவைப் பார்த்து இருப்பது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, உப்புத் திவலை தெருவரை வரும். முதல் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் படம் கறுப்பு வெள்ளையாக மாறியது. ரெட்ரோடிங்கைச் சந்தேகித்தேன், மின்தடையைச் சந்தேகித்தேன், கடைசியில் கணினிக்குள் இருந்து படத்தை உருவாக்கும் விஐசி சில்லையே சந்தேகித்து இரண்டு இரவுகள் தூங்கவில்லை. சொருகியைக் கழற்றிப் பார்த்தபோது ஆறாவது முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஒளிர்வு போனால் திரை இருண்டுவிடும், உடனே தெரிந்துவிடும். நிறம் மட்டும் போனால் குறை எங்கெங்கோ இருப்பதாகத் தோன்றும். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சொருகிகளையும் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவைக்கிறேன். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். கணினியை மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். கடலைப் பார்த்த சன்னலுள்ள அறையிலிருந்து முற்றத்தை ஒட்டிய உள்ளறைக்கு மாற்றியதே எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது. வெள்ளி போல் மின்னும் மலிவான சொருகிகள் இங்கே ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. தங்க முலாம் பூசியவை மூன்று ஆண்டுகளாகக் கறையின்றி இருக்கின்றன. ஊர்ப்பக்கம் உள்ள எவருக்கும் நான் சொல்வது, மாற்றிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டாவது சொருகிக்கும் கம்பிக்கும் செலவிடுங்கள் என்பதுதான்.

மற்றொரு குறையைக் கண்டுபிடிக்க ஒரு கோடைக்காலமே போனது. திரையில் மங்கலான பட்டை ஒன்று மேலிருந்து கீழாக, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய எட்டு நொடி எடுத்துக்கொண்டு, மெல்ல ஊர்ந்தது. அந்த எட்டு நொடிதான் துப்புத் தந்தது. பால் முறைக் கொமடோர் 64 நொடிக்கு 50.12 படங்கள் வரைகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சுற்று முடியச் சுமார் எட்டு நொடிகள் ஆகும். ஆக, மின்சாரத்தின் இரைச்சல் படத்தில் கலக்கிறது, அதாவது தரை இணைப்பு சரியில்லை. சித்திரை வெயிலில் எங்கள் மணல் தரை வறண்டுபோய், எர்த் குழியில் ஈரமே இல்லாமல் இருந்தது. குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். மாலையில் பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கியது. பிறகு குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் நிரப்பி, கணினி, திரை, ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே சுவர்ப் பெட்டியிலிருந்து இயக்குமாறு செய்தேன். சொருகியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று பட்டதும் அதோடு நின்றது. எல்லாக் கம்பிகளையும் இணைத்த பிறகே எந்தக் கருவியையும் இயக்க வேண்டும் என்ற பழக்கத்தையும் அப்போதிருந்து விடாமல் வைத்திருக்கிறேன். அந்தச் சுருக்கு, பழைய சில்லுகளைக் கொல்லப் போதுமானது.

2023இல் பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினி ஒன்றும் வீட்டுக்கு வந்தது. 1984-85இல் நடுவண் அரசின் கிளாஸ் (CLASS) என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட அதே வகைக் கணினி. அதன் மின்வழங்கியில் உள்ள காகித மின்தேக்கிகள் உறையில் விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும், பிறகு ஒரு நாள் புகையோடு வெடிக்கும். கடலோரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று முதலிலேயே மாற்றிவிட்டேன். இதன் ஆறு முனை ஆர்ஜிபி துளை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எண்முறையில் தருகிறது. ராஸ்பெர்ரி பை ஜீரோவைக் கொண்டு இயங்கும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறந்த வடிவமைப்புப் பலகை அதை அப்படியே படித்துவிடுவதால், கலங்கலுக்கே இடமில்லை. 80 எழுத்து வரிகள் அச்சடித்ததுபோல் நிற்கின்றன. இந்த இரண்டில் எது நல்ல படம் என்று கேட்டால் தயங்காமல் பிபிசியைத்தான் சொல்வேன்.

கொமடோரில் இன்னும் இரண்டு குறைகள் இருக்கின்றன. நீலப் பின்னணியில், உற்றுப் பார்த்தால், மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். அவை விஐசி சில்லுக்கு உள்ளிருந்தே வரும் இரைச்சல் என்பதால் வெளியிலிருந்து செய்யக்கூடியது அதிகமில்லை. மற்றொன்று, திரையில் ஓர் இடத்தைத் தொட்டுச் சுட்ட மாமா கொண்டுவந்த ஒளிப்பேனா. பழைய குழாய்த் திரையில் படத்தை வரையும் மின்கற்றை, பேனா தொடும் புள்ளியைக் கடக்கும் கணத்தை வைத்துத்தான் அது தன் இடத்தைக் கண்டறியும். தட்டைத் திரையில் அப்படி ஓடும் கற்றையே இல்லாததால் எந்த மாற்றியாலும் அதை வேலை செய்யவைக்க முடியாது. அதற்காக மட்டும் நல்ல நிலையில் உள்ள 14 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உள்ளறையில் அதற்கான இடத்தை இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.