டெங்குக் காலத்தில் ஒரு மஞ்சக்குப்பம் லேப்

ஐப்பசி, கார்த்திகை மழையோடு கடலூரில் காய்ச்சலும் வந்துவிடுவதால், பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க எந்த லேபுக்குப் போவது என்று விசாரிக்காத வீடு குறைவு. என் அக்காள் மகனுக்கு டெங்கு உறுதியானபோது மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத்தான் தொடர்ந்து சென்றோம். அதன் சேவை எனக்குப் பெரும்பாலும் நிறைவளித்தது.

முதன்மையான காரணம், இயந்திரம் சொன்னதை அவர்கள் அப்படியே அச்சடித்துக் கொடுக்கவில்லை. ஒருநாள் இயந்திரம் 38,000 என்று காட்டியது. நோயியல் மருத்துவர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தட்டணுக்கள் திரள் திரளாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்யும் என்று விளக்கி, நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது. அதற்குள் புதுச்சேரியில் ரத்தக் கொடையாளர் தேடத் தொடங்கியிருந்த மாமாவைத் திரும்ப அழைத்தோம்.

இரண்டாவது காரணம், முதிராத் தட்டணு விகிதம், அதாவது மொத்தத் தட்டணுக்களில் புதிதாக உருவானவற்றின் பங்கு, என்ற அளவை இங்கே பார்க்க முடிகிறது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்னும் மிகப் பெரிய செல்கள் இருக்கின்றன. செல் பிரியாமலேயே உட்கரு திரும்பத் திரும்ப இரட்டிப்பதால் பருத்துப்போன இவை, மஜ்ஜையின் ரத்த நாளங்களுக்குள் நீண்ட கைகளை நீட்ட, ரத்த ஓட்டத்தில் அக்கைகள் துண்டு துண்டாக அறுந்து தட்டணுக்களாகின்றன. டெங்கு வைரஸ் காய்ச்சலின் தொடக்க நாட்களிலேயே இச்செல்களையும் இவற்றின் முன்னோடிச் செல்களையும் தாக்கி உற்பத்தியை ஒடுக்குகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள தட்டணுக்களையோ நோயெதிர்ப்பு மண்டலம் அழிக்கிறது. இரண்டும் சேர்ந்தே எண்ணிக்கையைச் சரிக்கின்றன. மஜ்ஜை மீண்டதும் ஆர்.என்.ஏ. மிச்சமுள்ள இளம் தட்டணுக்கள் வெளிவருகின்றன; இயந்திரம் அவற்றைச் சாயத்தால் இனங்காண்கிறது. எண்ணிக்கை குறைந்தே இருந்தாலும் இவ்விகிதம் ஏறினால், பெரும்பாலும் ஓரிரு நாளில் எண்ணிக்கையும் ஏறும். (பெரும்பாலானோருக்கு மஜ்ஜை தானாகவே மீளும் அந்த நாட்களில்தான் பப்பாளி இலைச்சாறும் கொடுக்கப்படுகிறது, புகழ் முழுவதும் சாற்றுக்குப் போய்விடுகிறது.)

குறைகளும் உண்டு. இந்த விகிதத்தை நாமே கேட்டுத் தனிக் கட்டணம் கட்டினால்தான் பார்க்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் தடித்த எழுத்தில் முதல் பக்கத்தில் இருக்க, ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிகிறதா என்பதை உணர்த்தும் ஹெமடோகிரிட் இரண்டாம் பக்கத்தின் மூலையில் கிடக்கிறது. டெங்குவில் மருத்துவர் முதலில் தேடுவது அதையும்தான். காலையில் டோக்கன் முறை இல்லாததால் காய்ச்சலோடு வருபவர்களும் நின்றே காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு பிற்பகலில் மூடிவிடுகிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரமே டெங்குவில் ஆபத்தான கட்டம் என்பதால், அது ஞாயிறன்று வந்தால் உள்நோயாளிப் பிரிவுள்ள மருத்துவமனைக்கே நேரே சென்றுவிடுங்கள்.